உறங்காத காவலன் உறங்கிய கிழமை

மெராபி எரிமலையின் மடியில் வாழும் ஒவ்வோர் உயிரையும் காக்க, ஒருபோதும் உறங்காத காவலன் ஒருவன் அவதரித்துவிட்டான். இதைச் சொன்னவர் டாக்டர் ராடேன் ஹர்யோகுசுமோ. சும்மா வாயால் சொல்லவில்லை. எஃகுத் தகட்டில் பொறித்து, பெட்டியின் நெற்றியில் நான்கு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்: ‘ரக்சாகா உறங்குவதில்லை.’

அந்தக் காவலன் இப்போது மலையடிவாரக் காவல் நிலையத்தில், இன்ஸ்பெக்டர் முர்ஜியோனோவின் மேஜைமேல், பொரித்த சோயாத் துண்டுகளான டெம்பே இருந்த தட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். தகட்டின் மேல் ஆற்றுச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. படிக்க முடிந்தது ‘ரக்சாகா உறங்கு’ வரைக்கும்தான்.

உச்சியில் மழை கொட்டினால் எரிமலைச் சாம்பலும் பாறையும் குழம்பாகி ஆற்றில் இறங்கும். மேல்கரையில் புதைத்த கருவி அந்த அதிர்வைப் பிடித்துப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி சைரனை ஊதும். கீழே படுகையில் மணல் அள்ளுகிறவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறுவார்கள். இதுதான் ஏற்பாடு. போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் பெங்கிலோன் ஆற்றில், சைரனைத் தவிர மற்றதெல்லாம் ஏற்பாட்டின்படியே நடந்தது. மூன்று பேர் போனார்கள். அதில் ஒருவருடைய உடல் இன்னும் கிடைக்கவில்லை. அவர் ஏற்றிக்கொண்டிருந்த லாரி கிடைத்தது.

காரணம் யார் என்று ஹர்யோகுசுமோவின் நிறுவனம் மறுநாளே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. வெனிங். இருபத்தாறு வயது. நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். பெட்டிக்குள் ஓடும் நிரலைக் கடைசியாகத் திருத்தி எழுதியவள். சம்பளத் தகராறில் வேலையை விட்டுப் போகும்போது நிரலுக்குள் ஒரு ‘குண்டு’ வைத்துவிட்டுப் போனாள் என்றது அறிக்கை. பத்திரிகைகளுக்குக் குண்டு என்ற சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. அதைப் படித்த ஊர்க்காரர்கள் சிலர் அவள் வீட்டுக்குள் புகுந்து வெடிமருந்து தேடினார்கள். செத்தவர்களில் ஒருவர் அவளுடைய தாய்மாமன். சொந்தத் தம்பிக்கு நடந்த பிரார்த்தனை விருந்தில் அவள் அம்மாவை உட்கார விடவில்லை.

இன்று சாயங்காலம் வண்டி வரும். கொலைக் குற்றம் சாட்டி வழக்கு அரசு வக்கீலுக்குப் போகும், வெனிங் நகரச் சிறைக்குப் போவாள். அதற்குள் வேறு எதையாவது கண்டுபிடித்தால் சொல்லுங்கள் என்று பலூபியிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் டெம்பே சாப்பிடப் போனார். பெட்டியைத் திறந்து பார்த்து அறிக்கை எழுதியவர் நிறுவனத்தின் சம்பளக்காரர் என்பது அவருக்குமே கொஞ்சம் உறுத்தியிருந்தது. இல்லையென்றால் வெனிங்கின் அம்மா கூட்டிவந்த இந்தப் பெண்ணை வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டார்.

பலூபிக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஜோக்ஜா நகரில் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். பிறர் எழுதி முடித்து மூடி ஒட்டிய நிரல்களைப் பின்பக்கமாகப் பிரித்துப் படிப்பது தொழில். தைத்த சட்டையைத் தையல் தையலாகப் பிரித்து, தைத்தவன் இடக்கையா வலக்கையா என்று சொல்கிற மாதிரி. உதவியாளன் தொகார், வேறு தீவில் மேடான் பக்கத்துப் பட்டாக் இனத்தவன். ஜாவாக்காரர்கள் காதோடு சொல்கிற விஷயத்தை அவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வான். காலையில் நிறுவனத்துக்குப் போய் மூல நிரலைக் கேட்டுவர அவனைத்தான் அனுப்பியிருந்தாள்.

“கொடுத்தாங்களா?”

“கொடுத்தாங்கக்கா. மல்லிகை டீயும் ஒரு பிரசங்கமும்.”

மூல நிரல் தொழில் ரகசியமாம். அதைச் சொல்வதற்கு முன் அவனை வரவேற்பறையில் ஒரு பெரிய கறுப்புக் கல்லின் கீழே உட்கார வைத்திருந்தார்கள். ஹர்யோகுசுமோவின் அப்பா நினைவாகத் தங்க எழுத்தில் பொறித்த கல். பிறகு ஹர்யோகுசுமோவே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அப்பா எப்படிப் போனார் என்று சொன்னார். மஃரிப் தொழுகையை முடித்து, ஜெபமாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இரவுத் தொழுகைக்குக் காத்திருக்கும்போதே ஆண்டவன் அழைத்துக்கொண்டானாம். அவர் சொல்லச் சொல்ல வரவேற்பறைப் பெண்ணின் உதடும் கூடவே அசைந்தது என்றான் தொகார். கல்லுக்குப் பக்கத்தில், கீழிருந்து விளக்கடித்த கண்ணாடிப் பேழைக்குள், முதன்முதலாகச் செய்த ரக்சாகா நின்றதாம். ஒன்பது வருடத்துக்கு முந்தியது, விருது வாங்கியது. ஒவ்வொரு வரியும் இந்தக் கையால் எழுதியது என்று கையை நீட்டிக் காட்டினாராம்.

“முத்தம் கொடுக்கணுமா, கும்பிடணுமான்னு தெரியல. குலுக்கிட்டு வந்துட்டேன். அந்தக் கல்லுல அவங்கப்பா பேருக்குக் கீழ இன்னொரு பேரும் இருக்குக்கா. செல்லப் பேரா, சின்ன வீடா, யாரு கண்டா.”

பலூபி கவனிக்கவில்லை. பெட்டியின் வயிற்றைத் திறந்து, கட்டைவிரல் நகமளவு இருந்த சிப்பின் கால்களில் மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

சிப்புக்குப் பூட்டு உண்டு. உள்ளே இருப்பதை யாரும் எடுத்துப் படிக்காமலிருக்க. சிப் விழிக்கும்போது முதல் வேலையாக அந்தப் பூட்டைத் தடவிப் பார்க்கும். அதே கணத்தில் மின்சாரத்தை ஒரு கிள்ளு கிள்ளினால் தடவுகிற கை தடுமாறிவிடும். பூட்டே இல்லை என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடும். கணம் தப்பினால் சிப் அணைந்து மறுபடி முதலிலிருந்து விழிக்கும். டெம்பே தட்டு காலியாகும் வரை அது விழித்து, விழுந்து, விழித்துக்கொண்டே இருந்தது.

“எங்க ஊர்ல ஆபீசர்கிட்ட காரியம் சாதிக்கிறதும் இப்பிடித்தான். எப்ப கிள்ளுறோம்கிறதுதான் விஷயம்,” என்றான் தொகார். கான்ஸ்டபிள்கள் இருவரும் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. திரையில் எண்கள் வரிவரியாக இறங்கின. மனிதர்கள் வைத்த பெயர்களும் எழுதிவைத்த குறிப்புகளும் சிப்புக்குள் போவதில்லை. எடு, கூட்டு, ஒப்பிடு, தாண்டு என்கிற எலும்பு மட்டும்தான் போகும். பலூபி சைரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். சைரனை ஊதச் சொல்லும் இடம் கிடைத்தது. அதற்குச் சற்று முன்னால் ஒரு தாண்டல் இருந்தது. அது நடந்தால் நிரல் சைரனை விட்டுவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வேலைக்குப் போய்விடும்.

எப்போது தாண்டும்? பெட்டியிலுள்ள கடிகாரத்திலிருந்து இன்று எத்தனையாவது நாள் என்று எடுக்கிறது. ஏழால் வகுத்து மீதியை ஒப்பிடுகிறது. பிறகு அதே நாளை ஐந்தால் வகுத்து மீதியை ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தினால் தாண்டு.

பலூபி நாற்காலியில் சாய்ந்தாள்.

“ஏழு புரியுது, வாரம். அஞ்சு என்னக்கா? சனி ஞாயிறு லீவா?”

தொகாருக்கு மட்டும்தான் புரியவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் சந்தை வாரம் ஒன்றும் அந்த ஊரில் ஓடுகிறது. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பெயர். ஒரு ஜோடி மறுபடி சேர முப்பத்தைந்து நாள் ஆகும். கல்யாணம் பேச, வீடு மாற, குழந்தைக்குப் பெயர் வைக்க, எல்லாவற்றுக்கும் ஜாவாக்காரன் ஜோடி பார்ப்பான். பலூபியின் பாட்டன் ஸ்கூட்டர் வாங்கக்கூடப் பார்த்திருக்கிறார். ஆனால் சிப்புக்குள் ஒருவன் பார்த்து அவள் கண்டது இதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்கள். சைரன் கொம்பைப் பெட்டியில் மாட்டினார்கள். அதிர்வைப் பிடிக்கும் கருவியைத் தொகார் மடியில் வைத்துக்கொண்டு டீக்கரண்டியால் தட்டினான். சைரன் அலறியது. லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்த கோழித் திருடன் எழுந்து, தானே முன்வந்து இன்னும் இரண்டு கோழிகளை ஒப்புக்கொண்டான்.

பலூபி பெட்டியின் கடிகாரத்தை அந்தப் புதன்கிழமைக்குத் திருப்பினாள். தொகார் தட்டினான். மறுபடி பலமாகத் தட்டினான். ஒன்றுமில்லை. கரண்டி உலோகத்தில் படும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கடுத்த புதன்கிழமைக்கு வைத்தபோது அலறியது. ஐந்து நாள் தள்ளி வைத்தபோதும் அலறியது. முப்பத்தைந்து நாள் தள்ளி வைத்தாள். தொகார் தட்டினான். மறுபடி கரண்டிச் சத்தம் மட்டும்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அப்ப பழுதில்ல. தெரிஞ்சே வச்சிருக்கு.”

“ஆமா, பாக்,” என்றாள் பலூபி, ‘ஐயா’ என்கிற மரியாதையோடு.

அவர் பலூபிக்கு மனதார நன்றி சொன்னார். பழுது என்று வக்கீல் வாதாடிவிடுவாரோ என்றுதான் இவ்வளவு நாளும் கவலையாக இருந்ததாம். இனி அந்தக் கவலையில்லை. வைத்தது நிரூபணமாகிவிட்டது, நிரலை எழுதியது அந்தப் பெண், அவ்வளவுதான். வண்டியைச் சீக்கிரமே வரச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தார்.

ஆக, காலையிலிருந்து பட்ட பாட்டில் பலூபி திரித்தது வெனிங்கின் கழுத்துக்கான கயிற்றை. தொகார் கரண்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு தடவை பேசிவிடுகிறேன் என்று பலூபி கேட்டாள். வெனிங்கைக் கூட்டிவந்தார்கள். வந்தவள் யாரையும் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள். அந்த ஏழும் ஐந்தும் என்ன என்று பலூபி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அந்த இடத்தத் தொடாதேன்னு சொன்னாங்க, அக்கா. தொடல. எதுக்குன்னு கேக்கவும் இல்ல.”

யார் சொன்னார்கள் என்றால் எல்லோரும் சொன்னார்கள். பழைய ஆள் புதிய ஆளுக்குச் சொல்வது அந்த அலுவலகத்து வழக்கம். பழைய நிரலின் மேல் புதிய நிரலைக் கட்டிக்கொண்டே போவார்கள், அந்தச் சில வரிகளை மட்டும் அப்படியே எடுத்து வைப்பார்கள். அவளுக்கும் ஒருவர் சொன்னார். அவள் சரி என்றாள்.

“இத ஏம்மா போலீஸ்ல சொல்லல?” என்றாள் பலூபி.

“மாமா பயந்தாரு, மழைக்காலத்துல ஆத்துல எறங்க. நான் செஞ்ச பெட்டி இருக்கு மாமா, தைரியமா எறங்குங்கன்னு நான்தான் சொன்னேன்.” வெனிங் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் வேற என்னத்தச் சொல்ல?”

இன்ஸ்பெக்டரும் ஜாவாக்காரர்தான், ஒரு ஜோடியைக் கண்டபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. வெனிங்கின் பிறந்த தேதியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழு நாள் கணக்கில் ஞாயிறு, ஐந்து நாள் கணக்கில் வாகே. அவள் அம்மாவுடையது, அப்பாவுடையது எதுவும் பொருந்தவில்லை. செய்தது இவள் என்றால் தன் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத நாளை எதற்காகப் பிடித்தாள் என்று அவருக்கே குழம்பியது.

“வெள்ளம் வந்த அன்னைக்கு புதன் லெகி,” என்றார். “புதன் லெகி யாருக்கு...”

“லெகியா?” என்றான் தொகார். “அது பொம்பள பேரில்லையா?”

எல்லோரும் திரும்பினார்கள்.

“அந்தக் கல்லுல, பாக். அவங்கப்பா பேருக்குக் கீழ தங்கத்துல இருந்துச்சே, செத்த நாள் புதன்னு போட்டு அதுக்குப் பக்கத்துல லெகின்னு. நான் சின்ன வீடுன்னு நெனச்சேன்.”

“உன்ன வச்சுக்கிட்டு நான் எப்பிடித்தான் பொழப்பு நடத்துறேன்னு தெரியலடா,” என்றாள் பலூபி. பிறகு அவனுக்காகச் சொன்னாள், இன்ஸ்பெக்டருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை: அப்பா செத்த ஜோடி பிள்ளைக்கு ஆகாத நாள். பழைய ஆட்கள் அன்றைக்கு எதையும் தொடங்க மாட்டார்கள்.

ஆனால் கல்லை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. முதலாளியை மாட்டிவிடவே இவள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள் என்று நாளைக்கே சொல்லிவிடுவார்கள். பலூபி ஹர்யோகுசுமோவுக்குப் போன் போட்டு, ராடேன் என்ற அவருடைய பிரபுப் பட்டத்தைச் சொல்லி, உயர்ந்த ஜாவா மொழியில், பனைவெல்லம் வழிய வழியப் பேசினாள். தொகாருக்கு ஒரு வார்த்தையும் புரியாவிட்டாலும் காது கூசியது. சாரம் இவ்வளவுதான்: ராடேன் அவர்கள் தம் கையால் படைத்த தூய முதற்பெட்டியை இந்தப் பெண் எப்படிக் கெடுத்தாள் என்று ஒப்பிட்டுக் காட்டினால்தான் நீதிமன்றத்துக்குப் புரியும். ராடேன் அவர்களே கொண்டுவந்தால் எங்களுக்குப் பாக்கியம்.

டீ ஆறுவதற்குள் வந்துவிட்டார். கூடவே ஒரு போட்டோகிராபர். பட்டுத் தலைப்பாகை, கையில் பாத்திக் துணி போர்த்திய பெட்டி. தன்னுடைய பட்டங்களெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்காததால் விசிட்டிங் கார்டைத் திருப்பிப் பார்க்கும்படி இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டார். பிறகு வாக்குமூலம் கொடுத்தார். ஒன்பது வருடமாக இது பேழைக்குள் இருக்கிறது. சாவி என்னிடம். இந்தப் பெண் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். இதில் உள்ள ஒரு வரியைக்கூட வேறு யாரும் தொட்டதில்லை.

“ஒரு வரி கூட?” என்றாள் பலூபி.

“எல்லாம் என் கைம்மா.” கையை நீட்டிக் காட்டினார். போட்டோகிராபர் அதை எடுத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் அதை எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

பழைய பெட்டியின் சிப்பைக் கிள்ளவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ராடேன் அதற்குப் பூட்டுப் போட மறந்திருந்தார். எண்கள் இறங்கின. மற்ற இடங்களில் நிரல் கோணல்மாணலாக இருந்தது, அதைத் திருத்தி எழுதப் பின்னால் வந்தவர்கள் நிறையக் கஷ்டப்பட்டிருக்க வேண்டும். சைரனுக்கு முன்னால் மட்டும் ஒரு வித்தியாசமுமில்லை. ஏழு. ஐந்து. தாண்டு. பலூபி சைரனைப் பழைய பெட்டிக்கு மாற்றி, கடிகாரத்தைப் புதன் லெகியில் வைத்தாள். தொகார் சட்டைப்பையிலிருந்து கரண்டியை எடுத்துத் தட்டினான்.

சைரன் ஊதவில்லை. வெனிங் முதல்முறையாகத் தலைநிமிர்ந்து ஹர்யோகுசுமோவைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததாகத் தொகாருக்குத் தோன்றவில்லை. கேட்காமல் விட்ட கேள்விக்கு ரொம்பத் தாமதமாகப் பதில் கிடைத்தவள் மாதிரி இருந்தாள்.

ஹர்யோகுசுமோ மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தெரியவில்லை. பேழைக்குப் போகுமுன் இந்தப் பெட்டியை ஆற்றங்கரையில் வைத்த முதல் வருடம், சரியாக அப்பாவின் நாளில், காரணமே இல்லாமல் சைரன் ஊதிவிட்டது. திறப்பு விழாப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாவட்டத் தலைவர் தட்டோடு சாக்கடையில் குதித்தார். ஆகாத நாளில் தொடங்கினால் இப்படித்தான் ஆகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த நாளில் தன் பெயரால் எதுவும் தொடங்கக்கூடாது, சைரனும் ஊதக்கூடாது என்று முடிவெடுத்தார். அலுவலகத்துக்கும் அன்று விடுமுறை.

“அன்னைக்கு மழை பெஞ்சா, பாக்?” என்று கேட்டாள் பலூபி.

“இத்தன வருஷத்துல பெஞ்சதில்லையே,” என்றார் அவர், நியாயமான குரலில்.

வண்டி வந்து வாசலில் நின்றது. இன்ஸ்பெக்டர் வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். ஏற இருந்தவர் வேறு, ஏறப்போகிறவர் வேறு என்பதைப் புரிந்துகொள்ள டிரைவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெனிங்கிடம், நீ போகலாம் என்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மாமாவுக்கு அடுத்த பிரார்த்தனை எப்போது என்று யாருக்காவது தெரியுமா, அம்மாவை அதிலாவது உட்கார விடச்சொல்லி யாராவது ஊரில் சொல்வீர்களா என்று கேட்டாள். போலீஸ் ஜீப்பில் போய்ச் சொல்லிவருகிறேன் என்று கான்ஸ்டபிள் ஒருவர் கிளம்பினார். போட்டோகிராபர் இரண்டு தரப்பையும் படம் எடுத்துவிட்டு, யாரிடம் பில் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

இன்ஸ்பெக்டர் புதிய தாளில் புதிய வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். அதில் எல்லாம் வரவேண்டுமாம். தந்தையார் இறந்த நாள், நேரம், இடம்.

இந்த நிலையிலும் ஹர்யோகுசுமோவின் கண்கள் தானாக மூடிக்கொண்டன. மஃரிப் தொழுகையை முடித்து, ஜெபமாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்று தொடங்கினார். மேஜையின் இந்தப் பக்கம் தொகாரின் உதடும் கூடவே அசைந்தது.

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

“மஃரிப் தொழுது முடிச்ச அப்புறமா, பாக்?”

“ஆமா. மாலை கையிலயே இருந்துச்சு.”

“மஃரிப்னா பொழுது சாஞ்சாச்சே.” இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. “பொழுது சாஞ்சா நம்ம கணக்குல அடுத்த நாள் பொறந்துருமே.”

ஹர்யோகுசுமோ கண்ணைத் திறந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியதாகவும், அதைப் பார்த்துத்தான் கல்லில் எழுதச் சொன்னதாகவும் சொன்னார். இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

புதன் லெகி அன்று சூரியனோடு முடிந்துவிட்டது. அவருடைய அப்பா இறந்தது அதற்கடுத்த ஜோடி, வியாழன் பாகிங்.